கொலுவில் ஏறிய லங்காஸ்டர்

அந்த விமானத்தை முதன்முதலில் கையில் வாங்கியபோது நான் சொன்னது, "இவ்வளவு கனத்துக்கு ஒரு நல்ல குக்கர் வாங்கிட்டு வந்திருக்கலாம்லா?" என்பதுதான். குவைத்திலிருந்து விடுமுறையில் வந்து இறங்கி ஒரு வாய் காப்பி குடித்து முடிக்காத கணவரிடம் பேசுகிற பேச்சா இது என்று கேட்டால், என் வாய் அப்படி. பாளையங்கோட்டையில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். நாள் முழுவதும் அடுத்தவர் சண்டையை அடித்து அடித்து நாக்கும் அதே பழக்கத்துக்கு வந்திருந்தது.

அவர் கோபப்படவில்லை. பெட்டிக்குள் இருந்த வெள்ளைத் தாளையெல்லாம் பைய விலக்கி, விமானத்தை இரண்டு கையாலும் ஏந்தி ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். உலோகத்தில் வார்த்தது. இறக்கை ஒரு முழம் இருக்கும். மேலே பச்சையும் பழுப்பும், வயிறு முழுக்கக் கறுப்பு. நான்கு எஞ்சின், ஊதினால் சுற்றுகிற நான்கு விசிறி. பழைய உலக யுத்தத்தில் வெள்ளைக்காரர்கள் ஓட்டிய குண்டுவீச்சு விமானமாம். பெயர் லங்காஸ்டர். வயிற்றுக்கு அடியில் நீளமாக இரண்டு கதவு இருந்தது. நகத்தால் நெம்பினால் திறந்தது.

"இதுக்குள்ளதான் குண்டு வச்சிருப்பாங்க" என்றார். "இதுல குண்டு தரல."

குண்டு தராததில் அவருக்கு உண்மையிலேயே வருத்தம். சின்ன வயதில் நெல்லைக்கு மேலே எப்போதாவது ஒரு விமானம் போனால், சோற்றுத் தட்டை விட்டுவிட்டு மொட்டை மாடிக்கு ஓடுவாராம். குவைத்தில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலை. வெள்ளிக்கிழமை தோறும் ஒரு கடைக் கண்ணாடி முன்னால் நின்று நின்று இதைப் பார்த்துவிட்டு, ஊருக்குக் கிளம்புகிற வாரம் வாங்கியிருக்கிறார்.

"இந்த வயசுல பொம்மையா?" என்றேன்.

"பொம்மை இல்ல. மாடல். அம்மாகிட்ட குண்டு போடுத பிளேன்னு சொல்லிராத, என்ன?"

அம்மா என்றால் என் மாமியார். நான் அத்தை என்று கூப்பிடுவேன். திருநெல்வேலி டவுணில், ரத வீதியை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. கணவர் ஊரில் இல்லாத மாதங்களில் அந்த நீள வீட்டில் அத்தையும் நானும் மட்டும்தான். அத்தைக்கும் எனக்கும் சண்டை கிடையாது. ஆனால் ஒரு விஷயம் என் தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றது. என் கணவரைக் குவைத்துக்குப் போகச் சொன்னது அத்தை. பூர்வீக வீட்டுக் கூரை ஒழுகுகிறது, கடன் இருக்கிறது, இங்கே என்ன சம்பாத்தியம் என்று நச்சரித்து அனுப்பினார். கல்யாணமாகி ஆறு மாதத்தில் போனவர். அதை நான் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாததால் அது கூடிக்கொண்டே போனது.

அவர் வந்த சமயம் நவராத்திரி. எங்கள் வீட்டில் கொலு உண்டு. அத்தைக்குக் கொலு என்றால் கோர்ட் மாதிரி, எல்லாவற்றுக்கும் சட்டம். எந்தப் பொம்மை எந்தப் படி, யாருக்குப் பக்கத்தில் யார், எல்லாம் அவர் சொன்னபடிதான். பட்டாசாலையில், அதாவது முன்கூடத்தில், மேற்குச் சுவரை ஒட்டிப் படி கட்டுவோம். பொம்மைகள் எல்லாம் கிழக்கே பார்த்து, அதாவது வாசலைப் பார்த்து உட்காரும். வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டக் கூடாது.

அத்தை விமானத்தைப் பார்த்துவிட்டார். "இது என்னதுலே?"

"லங்காஸ்டர்ம்மா."

"லங்காவா?"

"லங்காஸ்டர்."

"அதத்தான் நானும் சொல்லுதேன். இலங்கைலேருந்து வந்த விமானம். புஷ்பக விமானம்லா அது?" என்று சொல்லிவிட்டு, தூக்கிக்கொண்டு போய்க் கீழ்ப் படியில் ராமர் பட்டாபிஷேக செட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். ராமர், சீதை, தம்பிமார், அனுமார், அடுத்து நான்கு எஞ்சினோடு லங்காஸ்டர். என் கணவர் வாயைத் திறந்தார். நான் அவர் காலை மிதித்தேன். அன்று சாயங்காலத்திலிருந்து சுண்டல் வாங்க வந்த ஒவ்வொருவரிடமும், இதில்தான் ராமர் சீதையைக் கூட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பினார் என்று அத்தை விளக்கம் சொன்னார். அத்தனை பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இவர் தூணில் சாய்ந்துகொண்டு, "மாடல்" என்று தனக்குத்தானே முனகினார்.

"எது வேணா இருக்கட்டும்" என்றார் அத்தை. "கொலுவுல ஏறியாச்சுன்னா அது பொம்மைதான். இனி வருசா வருசம் ஏறணும். எறக்கப்படாது."

விமானத்தின் மூக்கை வாசலுக்கு நேராகத் திருப்பி வைத்தது என் கணவர்தான். "ஓடிப் போய் ஏறதுக்கு வழி வேணும்லா" என்றார். அந்த வழியாகவே, விடுமுறை முடிந்ததும் அவரும் போனார்.

மறு வருஷம் ஆடி மாதத்தில் ஒரு காலை, ரேடியோவில் ஈராக் பட்டாளம் குவைத்துக்குள் புகுந்துவிட்டதாகச் சொன்னார்கள். நான் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்த எண்ணெய்த் தலையோடு ஓடிப்போய்த் தெருமுனை மருந்துக் கடை அண்ணாச்சியிடம் போன் போடச் சொன்னேன். எங்களுக்கு வரும் போனெல்லாம் அந்தக் கடைக்குத்தான் வரும். அண்ணாச்சி டயலைத் திரும்பத் திரும்பச் சுற்றிவிட்டு, "லைனே இல்லம்மா" என்றார். அன்றைக்குப் போன லைன் பிறகு வரவேயில்லை.

அதற்குப் பிறகு என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் எங்கே போவது என்று தெரியாது. ஆபீசுக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டே போவேன். கொக்கிரகுளம் வந்ததும் இறங்கி, மீதித் தூரத்தை வெயிலில் நடப்பேன். ஆற்றுப் பாலத்தில் நின்று தாமிரபரணியைப் பார்த்தால் மனசு அடங்கும் என்று யாரோ சொன்னார்கள். நின்றேன். துணி துவைக்கிறவர்கள் துவைத்துக்கொண்டிருந்தார்கள், எருமை குளித்தது, எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஊரில் எல்லாம் அதன்பாட்டில் நடக்கிறதே என்ற எரிச்சல். ஆபீசில் வாதி என்று அடிக்க வேண்டிய இடத்தில் பிரதிவாதி என்று அடித்துவிட்டேன். வக்கீல் நல்ல மனிதர், ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் அழுதாவது தொலைத்திருப்பேன்.

சாயங்காலம் ஆனால் மருந்துக் கடை வாசல். அண்ணாச்சி என்னைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்குவார். ஒரு நாள் பார்த்தால், எனக்கு முன்னாலேயே அத்தை அங்கே நிற்கிறார், கையில் தலைவலி மாத்திரையோடு. இருவரும் சேர்ந்தே வீட்டுக்கு நடந்தோம். அப்போதெல்லாம் எங்கள் பேச்சு, பால் வந்ததா, உப்பு போட்டாச்சா, அவ்வளவுதான்.

குவைத்திலிருந்து தப்பி வந்த ஒருவர் வள்ளியூரில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். விலாசம் விசாரித்துப் போனேன். அந்த மனிதர் ஒரு கட்டிலில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே கதையைச் சொல்லிச் சொல்லிக் குரல் கம்மிப் போயிருந்தார். பஸ் பிடித்து ஈராக் வழியாக ஜோர்டான் எல்லைக்கு வந்தது, பாலைவனத்தில் கூடாரம், ரொட்டிக்கும் தண்ணீருக்கும் வரிசை. நான் போட்டோவைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"இவர மாதிரி ஒருத்தர் பஸ்ல ஏறுனதப் பாத்தேன்மா. இவருதானான்னு சத்தியம் பண்ண மாட்டேன். அந்தப் பஸ் எங்க போச்சுன்னும் தெரியாது."

இதற்கு அவர் பார்க்கவேயில்லை என்று சொல்லியிருக்கலாம். திரும்பி வருகிற வழி முழுக்க அந்தப் பஸ் எங்கெங்கோ ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து அத்தையிடம், "பாத்தாராம், நல்லா இருக்காராம்" என்று சொன்னேன். அத்தை என் முகத்தையே பார்த்துவிட்டு, "கால் கழுவிட்டு வந்து சாப்பிடு" என்றார்.

புரட்டாசி பிறந்தது. இந்த வருஷம் கொலு வேண்டாம் என்பார் அத்தை என்று நினைத்தேன். "வைக்காம விடப்படாது" என்று பரணிலிருந்து பெட்டிகளை இறக்கச் சொன்னார். சரி, விமானத்தையாவது விட்டுவிடலாம் என்றேன்.

"ஏறினத எறக்கப்படாதுன்னு சொல்லியிருக்கேன்லா."

அது என்ன விமானம் என்று எனக்குத் தெரியும். குவைத்துக்குப் பக்கத்தில் அமெரிக்கப் படை வந்து இறங்கிவிட்டது, எந்த நேரமும் குண்டு விழும் என்று பேப்பரில் வந்துகொண்டிருந்த நேரம். அந்தக் கறுப்பு வயிற்றைத் துடைக்கவே எனக்குக் கை கூசியது. அத்தை அதை வாங்கி, போன வருஷம் மகன் வைத்த அதே இடத்தில், அதே மாதிரி வாசலைப் பார்த்து வைத்தார்.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. விளக்கேற்றும்போதெல்லாம் அது வெளியே போகத் தயாராக நிற்பது கண்ணில் பட்டது. போகிறார், போகிறார், போய்க்கொண்டே இருக்கிறார். இரண்டாம் நாள் அத்தை குளிக்கப் போன சமயம் பார்த்து, மூக்கைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். வீட்டுக்குள்ளே வருகிற மாதிரி. சுற்றுமுற்றும் பார்த்தேன், திருடியவளைப் போல. மனசு கொஞ்சம் இளகியது. அன்று பஸ்ஸில் உட்கார்ந்து போனேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால் மூக்கு மறுபடி வாசலைப் பார்த்து நிற்கிறது.

வந்து போன குழந்தைகள் யாராவது தொட்டிருக்கும் என்று நினைத்துத் திருப்பி வைத்தேன். மறுநாளும் அப்படியே. நான் உள்ளே திருப்பினால், ஆபீசுக்குப் போய் வருவதற்குள் அது வெளியே திரும்பிவிடும். வீட்டில் இருப்பது இரண்டே பேர். நான் இல்லை என்றால் யார்? கொலுச் சட்டம், வருகிறவர்களுக்கு முதுகு காட்டக் கூடாது, அதற்காகத்தான் செய்கிறார் என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு அந்தச் சமாதானம் எடுபடவில்லை. அன்றைக்கு நச்சரித்து வெளியே தள்ளியவர்தானே, இன்றைக்கும் வெளியேதான் தள்ளுகிறார் என்று தோன்றிவிட்டது. உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாத பிள்ளையை வாசலைப் பார்த்து நிறுத்தி வைக்க ஒரு தாய்க்கு எப்படி மனசு வருகிறது? சுண்டல் தாளிக்கும்போது அவர் முதுகைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வந்தவர்களுக்குக் குங்குமம் கொடுக்கையில் இருவரும் சிரித்த முகமாகத்தான் இருந்தோம்.

சரஸ்வதி பூஜை அன்று எனக்கு லீவு. மத்தியானம் அத்தை புறவாசல் கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். எல்லாப் பொம்மைக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே கீழ்ப் படிக்கு வந்தேன். விமானம் அன்றும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. எடுத்தபோது அடியில் ஒரு தாள் முனை நீட்டிக்கொண்டிருந்தது. வயிற்றுக் கதவை நகத்தால் நெம்பினேன். உள்ளே ஒரு பொட்டலம். பிரித்தால் நெல்லையப்பர் கோவில் திருநீறு, சின்னதாக மடித்து மடித்து, குண்டு இருக்க வேண்டிய இடத்தில் கச்சிதமாகச் செருகியிருந்தது.

"என்னத்துக்கு அத எடுத்தே?" ஈரக் கையோடு அத்தை நிலைப்படியில் நின்றார்.

அத்தனை நாள் அடக்கியது எல்லாம் எனக்கு ஒன்றாக வந்தது. "இது புஷ்பக விமானம் இல்ல அத்தை. குண்டு போடுத விமானம். நீங்க திருநீறு வச்சிருக்கிற எடம் குண்டு வைக்கிற எடம்."

"தெரியும்" என்றார்.

நான் பொட்டலத்தைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன்.

"வயித்துல கதவு எதுக்கு வச்சிருக்கான்னு எனக்குத் தெரியாதாக்கும்? எம் மவன் எதையாவது மறைச்சா எனக்குத் தெரியும், காது செவந்துரும். எடத்த அடச்சு வச்சிட்டா அதுல குண்டு வைக்க முடியாதுல்லா. அதான் வச்சேன்."

நான் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "அப்போ தெனமும் எதுக்கு வெளிய பாத்துத் திருப்புதிய? போனவரு போயிட்டே இருக்கட்டும்னா? அன்னைக்கும் நீங்கதான அனுப்புனிய?"

அத்தை முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. முந்தானையில் கையைத் துடைத்தார், காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"குவைத்து எந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்டார்.

"மேக்க."

"மேக்க இருந்து வாரவன் எங்க பாத்து வருவான்? கெழக்க பாத்துல்லா வருவான்? நான் கெழக்க பாத்துத் திருப்பித் திருப்பி வைக்கேன். நீ தெனமும் மேக்க பாத்துத் திருப்பி விடுதே. வாரவன வரவிடாம அங்கனயே திருப்பி விடுதாளே இவன்னு எனக்கு எப்படி இருந்திருக்கும்? கேக்கவும் பயமா இருந்துச்சு. இவளுக்கு அவன் வேண்டாம்னு ஆயிட்டுதோன்னு."

நான் விமானத்தை மடியில் வைத்துக்கொண்டு கொலுவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்புத்தான் முதலில் வந்தது. அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. அத்தையும் பக்கத்தில் உட்கார்ந்தார். "அனுப்புனது நான்தான். அத நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமாளா" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பாத்திரம் கழுவிய கை, சாம்பல் வாசனை அடித்தது.

அன்று விமானத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று எங்கள் இருவருக்குமே தைரியம் வரவில்லை. வடக்குப் பார்த்து வைத்தோம். சாயங்காலம் வந்த எதிர்வீட்டு அக்கா, "இது என்ன, ஒரு பக்கமா நிக்கி?" என்று கேட்டார். "அயோத்தி வடக்கதான இருக்கு" என்றார் அத்தை, கண்ணை இமைக்காமல்.

மறுநாள் விஜயதசமி. மத்தியானச் சாப்பாட்டு நேரம். புறவாசல் கதவை யாரோ தட்டினார்கள். எங்கள் வீட்டின் பின்பக்கம் மேற்கே ஒரு குறுகலான முடுக்கு உண்டு. பால்காரரும் குப்பைக்காரரும்தான் அந்த வழியாக வருவார்கள். யாரோ காசு கேட்க வந்திருக்கிறார்கள் என்று சில்லறையோடு போய்க் கதவைத் திறந்தேன். தாடியோடு, அழுக்குச் சட்டையோடு, கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு என் கணவர் நின்றார்.

பம்பாயில் இறங்கி ரயில் பிடித்து, முந்தின நாள் மெட்ராஸ் வந்ததும் மருந்துக் கடைக்குப் போன் போட்டிருக்கிறார். பூஜைக்காகக் கடை அடைத்திருந்தது. அத்தை ஓடி வந்தார். பிள்ளையின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துவிட்டு, அடுத்த நொடி திட்ட ஆரம்பித்தார். "முன்வாசல் எங்கலே போச்சு? திருடன் மாதிரி முடுக்கு வழியா வாரே."

"கைய வீசிட்டு வந்திருக்கேன்மா" என்றார். "தெருவுல எல்லாரும் நிக்காங்க."

குவைத்திலிருந்து வருகிறவன் வாடகைக் காரில் பெட்டிகளோடு முன்வாசலில் இறங்குவான், அதுதான் எங்கள் தெருவின் வழக்கம். அவரைத் தெருப் பார்க்காமல் உள்ளே கூட்டி வந்தோம். மேற்கேயிருந்துதான் வந்தார், வீட்டுக்குள்ளேதான் வந்தார் என்பது அப்போது என் தலையில் ஏறவில்லை. சோறு போட வேண்டும் என்பதுதான் ஓடியது.

சாப்பிட உட்கார்ந்தவர் கொலுவைப் பார்த்தார். லங்காஸ்டரைப் பார்த்ததும் பிசைந்த சோறு கையிலேயே நின்றது. தட்டை எடுத்துக்கொண்டு, அதற்கு முதுகு காட்டித் திரும்பி உட்கார்ந்தார். குவைத்தில் என்ன பார்த்தார் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

"இத எடுத்து உள்ள வச்சிரு" என்றார் என்னிடம்.

"கொலு முடியட்டும்" என்றார் அத்தை. "பொம்மைதானலே அது. அதுக்கு என்ன தெரியும்?"

பொம்மை இல்லை, மாடல் என்று அவர் சொல்லவில்லை. சாப்பிட்டதும் பட்டாசாலையிலேயே பாய் விரித்துப் படுத்தவர் அடித்துப் போட்டது போல் தூங்கினார். விஜயதசமி அன்று கொலு முடிந்ததற்கு அடையாளமாக ஒரு பொம்மையைப் படுக்க வைக்க வேண்டும். அத்தை மரப்பாச்சியைக் கையில் எடுத்துவிட்டு, கீழே கிடந்த மகனைப் பார்த்தார். "ஒருத்தனப் படுக்க வச்சாச்சு" என்று சொல்லிச் சிரித்தார். சட்டத்தை விடவில்லை, மரப்பாச்சியையும் படுக்க வைத்தார்.

இங்கே கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவருக்கு ஊரில் வேலை அமையவில்லை. ஒரு கடையில் கணக்கு எழுதினார், இன்னொன்றில் சரக்கு ஏற்றி இறக்கினார். என் காலில் இருந்த சக்கரம் அவர் காலுக்கு மாறியது. பாலத்தில் போய் நின்றுவிட்டு வருவார், ராத்திரிச் சாப்பாட்டில் பாதியில் எழுந்துகொள்வார். சண்டை ஓய்ந்து பழைய கம்பெனி திரும்பக் கூப்பிட்டதும் அவர் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். அந்தத் தெளிவு எனக்கு வலித்தது. இந்தத் தடவை போகாதே என்று சொன்னது அத்தைதான். கூரையெல்லாம் கிடக்கட்டும் என்று கெஞ்சினார். நான் பெட்டி அடுக்கினேன். இங்கே இருக்கச் சொன்னால் இருப்பார், ஆனால் பாலத்தில்தான் இருப்பார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. கிளம்பும்போது முன்வாசல் வழியாகத்தான் போனார், அத்தை அதில் கண்டிப்பாக இருந்தார்.

அந்த வருஷக் கொலுவுக்கு விமானத்தை நான்தான் துடைத்தேன். வயிற்றுக் கதவைத் திறந்து, புதுத் திருநீற்றை மடித்துச் செருகினேன். மூக்கு எந்தப் பக்கம் என்று யோசிக்கவேயில்லை. வாசலைப் பார்த்து, கிழக்கே வைத்துவிட்டு ஆபீசுக்குப் போனேன். அத்தை கணக்குப்படி.

சாயங்காலம் விளக்கேற்ற வந்தேன். விமானம் வீட்டுக்குள்ளே பார்த்து நின்றது.

அடுக்களையில் அத்தை சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். எண்ணெய் ஊற்றித் திரியைத் தூண்டிவிட்டேன். விமானத்தை நான் தொடவில்லை.